ஆத்தூர் மல்லிகாவின் சிவப்புக் கார்

போன வாரம் ஜெயந்தி போன் செய்தாள். எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் திண்டுக்கல் கிளையில், விபத்து இழப்பீட்டுப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், ஒருத்தர் கவுண்டர்ல நின்னு அழுகுறாரு. வடமதுரைக்காரரு. வேனு புளியமரத்துல மோதிருச்சு. போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தினோம். டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள டோட்டல் லாஸ்னு வந்துருச்சு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"வண்டிய நீ பாத்தியா?"

"பாத்தேன் மேடம், போட்டோவுல."

"போட்டோவ அனுப்பு, நானுந்தான் பாப்பேன். வண்டியப் பாத்தியாடி?"

"சரி மேடம், அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டாள். பாவம், அதட்டியிருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. ஆரோக்கியசாமி சாருடையது. அது என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் ரிட்டயர் ஆன பிறகும் இறங்க மாட்டேன் என்கிறது.

டோட்டல் லாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் புண்ணியவான்கள். அடிபட்ட வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு, அந்த வண்டிக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், கம்பெனி அதைப் பழுது பார்க்காது. மதிப்பைப் பணமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். உடைசல் காயலான் கடைக்குப் போகும். அவ்வளவுதான் சட்டம். நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் குளித்து, நல்ல சேலை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க கெளம்பிட்ட? ஒனக்குத்தான் டோட்டல் லாஸ் போட்டு செட்டில் பண்ணிட்டாங்கள்ல, வந்து காப்பியக் குடி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆமாம், எனக்கு ஏக்கம்தான். அதைச் சொல்ல என்ன வெட்கம்? அந்த மேஜையும், மேஜைக்கு முன்னால் கிடந்த ஒரு கால் ஆடும் ஸ்டூலும், அதில் வந்து உட்காரும் ஆட்களின் மூச்சும் எனக்கு வேண்டியிருக்கிறது.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். பம்பர் எது, பேனட் எது என்று தெரியாமல் வருஷக்கணக்கில் டைப் அடித்தேன். தப்பாய் அடித்துத் திட்டு வாங்கித்தான் ஒவ்வொரு பாகத்தின் பேரும் எனக்குப் பாடமானது. பிறகு இழப்பீட்டுப் பிரிவில் போட்டார்கள். நெய்க்காரப்பட்டி கரும்பு லாரியிலிருந்து நத்தம் மாம்பழ வேன் வரை எத்தனையோ வண்டிகளின் அடியையும் உதையையும் எழுதியாயிற்று. இன்றுவரை எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஆரோக்கியசாமி சார் மேனேஜராக வந்த பிறகுதான் நான் வேலை கற்றேன் என்று சொல்ல வேண்டும். ஒடிசலான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மேஜை டிராயரில் பொட்டுக்கடலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஒருவருக்கு இழப்பீடு இல்லை என்று சொல்லும் கடிதம் கையெழுத்துக்குப் போனால், உடனே போட மாட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, பைலை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பார். படித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"பாத்தியாம்மா?"

பார்த்தேன் என்றால் கையெழுத்து. இல்லை என்றால் பைல் என் கைக்குத் திரும்பி வரும். திட்டு கிடையாது. "செத்த நேரம் போய்ப் பாத்துட்டு வந்துரேன்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி வரச் சொல்வதுபோல. அந்தச் செத்த நேரம் சில நாள் பழனி வரைக்கும் போய்வரும் நேரமாக இருக்கும். இழப்பீடு கேட்டு வருகிறவரை ஆபீஸில் 'பார்ட்டி' என்று யாரும் சொல்லக்கூடாது. ஆளுக்குப் பேர் இருக்கிறது, பேரைச் சொல்லுங்கள் என்பார். அதனால்தான் மல்லிகாவின் பேர் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மல்லிகா ஆத்தூர்க்காரி. குட்டையான பெண். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. புருஷன் முருகேசன் குவைத்தில் எலக்ட்ரீசியன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒரு லீவில் ஒரு சின்ன சிவப்புக் காரைப் பழசாக வாங்கி, அணைக்குப் போகிற ரோட்டில் அவளுக்கு ஓட்டப் பழக்கியிருக்கிறார். பெடலுக்குக் கால் எட்டவில்லை. ஸ்டியரிங்குக்கு மேல் கண் தெரியவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்து சீட்டை முன்னால் நகர்த்தி, அடியில் இரும்புச் சட்டம் வைத்து உயர்த்தி, அவளை உட்காரவைத்து அளவு பார்த்துச் செய்து கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார். பாலிசியும் ஆர்.சி. புக்கும் அவர் பேரில். கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தை மல்லிகாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது, குறுக்கே வந்த சைக்கிள்காரனுக்காக ஒடித்ததில் கார் போய்த் தென்னை மரத்தில் முட்டிவிட்டது. முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி நொறுங்கி, பக்கத்து வாய்க்கால் சேறெல்லாம் மேலே. அவளுக்கு முட்டியில் அடி. வேறொன்றும் இல்லை. காரை, சீட்டு உயர்த்திய அதே பால்பாண்டியின் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள்.

மதுரை மண்டல ஆபீஸிலிருந்து வந்த டோட்டல் லாஸ் கடிதத்தை நான் அவள் கையில் கொடுத்த அன்றைக்குத்தான் முதல்முதலாக நிமிர்ந்து பேசினாள்.

"அக்கா, டோட்டல் லாஸ்னா என்னாக்கா?"

"வண்டி இனிமே வண்டி இல்லம்மா. அதுக்குப் பதிலாக் காசு குடுத்துருவாங்க. நீ கையெழுத்துப் போட்டா ஒடைசல எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

"வண்டி அங்கன நிக்கிதேக்கா. நான் இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."



"நல்ல காசும்மா. இன்னொரு வண்டி பாத்துக்கலாம்" என்றேன். எல்லோருக்கும் சொல்கிறதுதான்.

"இன்னொரு வண்டியா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "காசுன்னு வந்துச்சுன்னா வீட்டுக்குள்ள வந்து சேராதுக்கா. கொழுந்தனுக்குப் போர் போடணும். மாமியாளுக்குக் கண்ணு ஆப்பரேசன். நாத்துனா மகளுக்குச் சடங்கு. ஒருத்தரும் கெட்டவுக இல்ல, ஆளாளுக்கு ஒரு தேவை. எனக்குன்னு கேக்க எனக்கு வாய் வராது. வண்டியா நின்னாத்தான் அது என் வண்டி. சாவி என் இடுப்புல இருக்கும். அவரு வாரப்ப மதுர ஏர்போட்டுக்கு நாந்தான் ஓட்டிட்டுப் போய்க் கூட்டியாரணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவருக்குச் சொல்லிட்டியா?"

"ஐயோ, சொல்லவே இல்லக்கா! தெரிஞ்சா அங்க ஒரு வா சோறு எறங்காது அந்த மனுசனுக்கு. வெள்ளிக்கிழமை லீவு, வீடியோவுல வருவாரு. வண்டியக் காட்டுன்னு கேட்டுப்புட்டா என்ன பண்றதுன்னு அடுப்படிக்குள்ளயே நின்னு பேசுவேன். நல்லவேள, கேக்கல. அதுக்குப் பதிலா இப்பப் புதுசா ஒண்ணு புடிச்சிருக்காரு."

"என்னாது?"

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "போன எங்கிட்டாச்சும் சாச்சு வச்சுட்டு, எந்திரிச்சு வாச வரைக்கும் நடந்து காட்டுங்குறாரு. திரும்புங்குறாரு. கையத் தூக்குங்குறாரு. 'ஒன் நடையப் பாத்து எம்புட்டு நாளாச்சு'ங்குறாரு. முட்டி வலி உசுரு போவுது, நொண்டாம நடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

பக்கத்து மேஜையில் பிரீமியம் பார்க்கிற பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்புத்தான். என் வீட்டுக்காரர் என் நடையைப் பார்க்க ஆசைப்பட்டதாக எனக்கு நினைவே இல்லை.

கடிதத்தில் கையெழுத்து வாங்காமல் அவளை அனுப்பிவிட்டு, பைலை எடுத்துக்கொண்டு சார் அறைக்குள் போனேன். அவர் ஜன்னலில் நின்று படித்தார். பட்டறை எழுதிய மதிப்பீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே 'மாற்ற வேண்டும்' என்றே இருந்தது. பேனட், மட்கார்டு, கதவு, ரேடியேட்டர், முன்பக்கச் சட்டம் எல்லாமே புதுசு. 'தட்டி எடுக்கலாம்' என்று ஒன்றுகூட இல்லை. சார் பேனாவை மூடினார்.

"பாத்தியாம்மா?"

"இல்ல சார். இது மதுரை முடிவு. புது ஏற்பாடுப்படி நாம பாக்க வேண்டியதில்லன்னு..."

"பாக்க வேண்டியதில்லன்னுதான சொன்னான். பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. வா, நானும் வாரேன்."

இந்தப் புது ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கும் எங்களுக்கும் ஒரு எழுதாத வழக்கம் இருந்தது. பட்டறைக்காரர் மதிப்பீட்டை நீட்டித்தான் எழுதுவார். எங்கள் சர்வேயர் போய் நேரில் பார்த்து, இது தட்டினால் போதும், இது தேறும் என்று வெட்டுவார். வெட்டுவார் என்று தெரிந்துதான் அவர் நீட்டுவார். நீட்டியிருப்பார் என்று தெரிந்துதான் இவர் வெட்டுவார். கடைசியில் நியாயமான இடத்தில் வந்து நிற்கும். அந்த வருஷம் பெரிய மதிப்பீடுகளை எல்லாம் போட்டோவோடு நேரே மதுரைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு எங்களுக்குத்தான் வந்தது, பட்டறைக்கு யாரும் சொல்லவில்லை.

பால்பாண்டியின் டிங்கரிங் பட்டறை திருச்சி ரோட்டில். நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கியபோது வாசலில் ரெக்கவரி லாரி ஒன்று நின்றது. உடைசலை ஏலத்தில் எடுத்த காயலான் கடைக்காரர், காகிதம் வருவதற்கு முன்பே ஆட்களை அனுப்பிவிட்டார். உள்ளே அந்தச் சிவப்புக் கார். ஓட்டுகிற பக்கத்துக் கதவு நசுங்கித் திறக்காது. இடது பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி நகர்ந்து, மல்லிகா தன் உயரமான சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில். கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாக அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

"யக்கா, எறங்குங்கக்கா. எங்களுக்கு ஏத்தச் சொல்லிருக்காங்க" என்று லாரிக்காரப் பையன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஏத்து. என்னையும் சேத்து ஏத்து. காயலான் கடைக்காரன் எனக்கும் சேத்து வெல சொல்லட்டும்."

சார் லாரிக்காரனின் தோளில் கை வைத்தார். "தம்பி, அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"தெரியாது சார்."

"போடல. போடாத வரைக்கும் இது அவங்க வண்டி. வெயில்ல வந்திருக்கீங்க, டீ சாப்டீங்களா?" அவரே டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு லாரி காலியாகத் திரும்பிப் போனது. மேனேஜரின் அதிகாரத்தை அவர் காட்டி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். அதையும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் காட்டினார்.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். மட்கார்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏம்பா பாண்டி, இது தட்டுனா வராதா?"

"வரும் சார்."

"கதவு?"

"அதுவும் வரும் சார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பெறகு ஏன்யா எல்லாத்தையும் மாத்து மாத்துன்னு எழுதித் தொலச்ச? ஒன்னாலதான் அந்தப் புள்ளைக்கு வண்டி போச்சு!"

பால்பாண்டி கையைத் துடைத்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கருத்த, கனமான ஆள். குரல் மட்டும் சின்னதாக வந்தது. "மேடம், அது நம்ம முருகேசன் பொண்டாட்டி. அவன் கண்காணாத எடத்துல கெடக்கான். தட்டுன வண்டிய அந்தப் புள்ள கையில குடுக்க மனசு வரல. எல்லாம் புதுசாப் போட்டுக் குடுத்துருவோம்னுதான் எழுதுனேன். நீங்கதான் எப்பவும் வெட்டுவீங்கள்ல? வெட்டுனது போகக் கொஞ்சமாச்சும் மிஞ்சட்டும்னு இன்னும் ரெண்டு சேத்தே எழுதுனேன்."

"நாங்க வெட்டல. மதுரைல பாக்குறாங்க. அவங்க அப்படியே கூட்டிட்டாங்க. முக்காலத் தாண்டிருச்சு."

"வெட்டலையா?" அவர் முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சி. "வெட்டாம எப்படி மேடம் விட்டாங்க?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காருக்குள் இருந்த மல்லிகாவுக்கு எல்லாம் கேட்டது. "அண்ணே, எனக்கு நல்லது செய்யப் போயி இப்படிப் பண்ணிப்புட்டியே" என்றாள். அந்த ஆள் தரையைப் பார்த்தார்.

அப்படியானால் குறைத்து எழுதிக் கொடுங்கள் என்றேன். அங்கேதான் சிக்கல். மாற்றி எழுதினால் முதலில் எழுதியது பொய் என்று ஆகும், பட்டறையைக் கம்பெனிப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள், தன்னை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன என்றார். அதுவும் நியாயம்தான்.

சார் பாக்கெட்டில் கையை விட்டுக் கடலையை எடுத்தார். ரெண்டு கடலை மென்றார். பிறகு கேட்டார்.

"பாண்டி, வழக்கமா வண்டியப் பிரிச்சுப் பாத்த பெறகு, உள்ள இன்னும் அடி இருக்குன்னு துணை மதிப்பீடு அனுப்புவியா இல்லியா?"

"அனுப்புவேன் சார். எல்லாருமே அனுப்புவோம்."

"பிரிச்சுப் பாத்தா ஏறலாம்னா, எறங்கவும் செய்யலாம்ல? வெளிய பாத்து எழுதுனேன், பிரிச்சேன், உள்ள நல்லாருக்குன்னு எழுது. அது பொய்யா?"

பால்பாண்டி யோசித்தார். "பொய்யில்ல சார். ஆனா இதுவரைக்கும் துணை மதிப்பீட்டுல யாரும் கொறச்சு எழுதுனதில்லையே."

"நீ எழுது. மொத ஆளா இரு." பிறகு கார் ஜன்னல் பக்கம் குனிந்தார். "எறங்கும்மா மல்லிகா. நீ எறங்குனாத்தான் பிரிக்க முடியும்."

அன்றைக்கே மதுரைக்குப் போன் போட்டார். சண்டை போடவில்லை. காருக்கு உரியவர் ஒப்புக்கொள்ளவில்லை, மறு ஆய்வு கேட்கிறார், பிரிக்கிற அன்று உங்கள் ஆள் நேரில் இருந்தால் நல்லது என்றார். மல்லிகாவும் தன் கையால் ஒரு மனு எழுதிக் கொடுத்தாள்.

மதுரை இன்ஜினியர் சின்ன வயசுப் பையன், பேர் கார்த்திக். சண்டைக்கு வருவான் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போயிருந்தேன். அவனோ வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டான். "மேடம், அந்தப் பட்டியலும் அந்தப் போட்டோவும் ஒங்க மேஜைக்கு வந்திருந்தா நீங்களும் டோட்டல் லாஸ்னுதான் எழுதிருப்பீங்க" என்றான். வாஸ்தவம்தான்.

பால்பாண்டியின் ஆட்கள் பிரிக்க ஆரம்பித்தார்கள். பேனட் போனது. பம்பர் போனது. ரேடியேட்டர் சுத்தமாகப் போயிருந்தது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கடைசியில் அடிச்சட்டம். அது வளைந்திருந்தால் பேச்சே இல்லை, வண்டி நேராக ஓடாது, நண்டுபோலப் பக்கவாட்டில் இழுக்கும். மதுரைக்காரர்கள் எழுதியதுதான் சரி என்று ஆகிவிடும். அதைப் பார்க்கிற முறை எளிது. சட்டத்தின் முன் வலது மூலையிலிருந்து பின் இடது மூலைக்கு ஒரு நூலைக் குறுக்கே பிடிப்பார்கள். அளவை முடிச்சுப் போட்டுக்கொண்டு, அதே நூலை மற்ற ரெண்டு மூலைகளுக்கும் பிடிப்பார்கள். முடிச்சு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் சட்டம் நேர். தள்ளி நின்றால் வளைவு.

கார்த்திக்கே காருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஒரு முனையைப் பால்பாண்டி பிடித்தார். முதல் குறுக்கு ஆயிற்று, முடிச்சுப் போட்டாயிற்று. ரெண்டாவது குறுக்குக்கு நூலை இழுக்கும்போது பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. மல்லிகா தலைப்பைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். சார் மட்டும் கடலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடியிலிருந்து கார்த்திக்கின் குரல் வந்தது. "சரியா ஒக்காருது."

"நல்லாப் பாரு அப்பு" என்றார் பால்பாண்டி.

"பாத்துட்டேண்ணே. நூல் பிசகல. சட்டம் நேரா இருக்கு."

மல்லிகா என் தோளில் முகத்தை வைத்துத் தேம்பிவிட்டாள். நானும் கூடச் சேர்ந்து அழுதேன், எனக்கு என்ன வந்தது என்று கேட்டால் தெரியாது. கார்த்திக் முதுகெல்லாம் எண்ணெய்க் கறையோடு எழுந்து வந்து, "போட்டோவுல இது தெரியாது சார்" என்றான் சாரிடம். "தெரியாதுப்பா" என்றார் சார். அதற்கு மேல் யாரும் யாரையும் குத்திக் காட்டவில்லை.

பிறகு காத்திருப்பு. மதுரையிலிருந்து பதில் வர வேண்டும். முருகேசனின் லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. மல்லிகா திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். "வந்துருச்சாக்கா?" வரவில்லை என்றால், "சரி, நாளைக்கு வரும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாள் சார் தன் அறையிலிருந்து வந்து, ஒரு பைலைத் திறந்தபடியே என் மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய்விட்டார். டோட்டல் லாஸ் முடிவு ரத்து, பழுது பார்க்க அனுமதி. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜெயந்தி மறுபடியும் போன் செய்தாள். "வடமதுரைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன் மேடம். முன்பக்கம் மட்டுந்தான் அடி. ஆனா ஆப்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ஆப்கிட்ட ஏன்டி சொல்ற? அதுக்குப் பின்னாடி எங்கயாச்சும் ஒரு மனுசன் ஒக்காந்திருப்பான்ல, அவனக் கண்டுபுடி. அவனப் பட்டறைக்கு வரச் சொல்லு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. யாரோ ஸ்டூலை இழுக்கிறார்கள், பிரிண்டர் ஓடுகிறது. அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

முருகேசன் வந்த மறு வாரம், ஒருநாள் ஆபீஸ் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் சிவப்புக் கார். பெயின்ட் புதுசு, மினுமினுவென்று. மல்லிகா ஓட்டி வந்திருக்கிறாள், புருஷன் பக்கத்தில். வெயிலில் கருத்து மெலிந்த மனிதர். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. "மொதல்ல சாருக்கு" என்று மல்லிகா பெட்டியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். முருகேசன் என் முன்னால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏர்போட்டுல வண்டியப் பாத்து அசந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "ஒங்க வீட்டம்மா உங்ககிட்டச் சொல்லாமலே போராடி மீட்டுட்டாங்க."

அவர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். பாலிசி என் பேர்ல, நம்பரும் என் நம்பரு. ஊரு சிம்ம அங்கயும் உசுரோட வச்சிருக்கேன். ஒங்க கம்பெனி மெசேஜ் எல்லாம் எனக்குத்தான வந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கம்ப்யூட்டர் அப்போதுதான் மெசேஜ் அனுப்பக் கற்றிருந்தது. அது யார் கையில் போய்ச் சேருகிறது என்று நாங்கள் ஒருத்தரும் யோசித்ததில்லை.

"அன்னைக்கு ஏணி மேல நிக்கிறேன் மேடம். ஒங்க வாகன விபத்து பதிவாகிருச்சுன்னு இங்கிலீசுல வருது. வண்டி அடிபட்டுருச்சுங்குது. ஓட்டுனவ என்ன ஆனான்னு அதுல ஒரு எழுத்து இல்ல. ஏணிய விட்டு எறங்குனேன். போன் போட்டா சிரிச்சுக்கிட்டே எடுக்குறா, 'கத்திரிக்கா வெஞ்சனம் வச்சேன்'ங்குறா. சரி, மறைக்கிறா. கேட்டா ஒடஞ்சிருவா. எங்க அடி, எம்புட்டு அடின்னு எனக்குத் தெரியணும்ல? அதான் வெள்ளிக்கிழமை நடந்து காட்டுன்னேன். திரும்புன்னேன். கையத் தூக்குன்னேன். மொத வாரம் வலது காலச் சாச்சு வச்சா. நொண்டாம நடக்குறாளாம்." அவர் சிரித்தார், ஆனால் கண் நிறைந்துவிட்டது. "அடுத்த வாரம் கொஞ்சம் தேவல. அதுக்கடுத்த வாரம் நேரா நடந்தா. பெறகுதான் எனக்குச் சோறு எறங்குச்சு. டோட்டல் லாஸ்னு மெசேஜ் வந்தப்ப, போகட்டும் சனியன்னு நெனச்சேன். அவ விட மாட்டேன்னு நின்னது எனக்குப் பெறகுதான் தெரிஞ்சுச்சு."

அறைக் கதவு திறந்தது. மல்லிகா வெளியே வந்தாள். எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டாள். "என்னா பேசிக்கிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் முருகேசன். "அங்கன நிக்காத, நடந்து வா."

"ஆபீசுலயா? வெக்கங்கெட்ட மனுசன்!" என்று முகம் சிவந்து சொன்னாளே தவிர, வந்தாள். மேஜைகளுக்கு நடுவில், காகிதக் கட்டுகளைத் தாண்டி, நேராக நடந்து வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார், கடைசி அடி வரைக்கும். நான் பைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு கணக்கை முடிக்கிற கையெழுத்துக்காக அந்தப் பைலை உள்ளே கொண்டுபோனேன். சார் ஜன்னலில் நின்று முழுசாகப் படித்தார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். இப்போது அவரும் இல்லை. காலையில் பத்து மணியானால் வாசல்வரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறேன், அப்படி என்னைக் கேட்க யாராவது வேண்டியிருக்கிறது.